ஆறாவது படிவம்

காவல் நிலையக் கணினியில் ஒரு வழக்குக்கு ஏழு படிவங்கள் உண்டு. முதலாவது, முதல் தகவல் அறிக்கை. அடுத்து குற்ற விவரம், கைது, கைப்பற்றிய பொருள்கள். ஐந்தாவது குற்றப்பத்திரிகை. ஏழாவது மேல்முறையீட்டின் முடிவு. முதல் படிவத்துக்கு எல்லோரும் ஆலாய்ப் பறப்பார்கள். ஐந்தாவதுக்கு மேலிடத்திலிருந்து நாள் தவறாமல் போன் வரும். ஆறாவதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கோர்ட்டில் வழக்கு என்ன ஆயிற்று, தண்டனையா விடுதலையா, எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்று எழுதும் படிவம் அது. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு என்று டெல்லியில் ஒன்று இருக்கிறதே, அதன் உயிர்நிலை இந்த ஆறாவது படிவம்தான் என்று ரைட்டரய்யா சொல்லுவார்.

ரைட்டரய்யா புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இரண்டாம் நிலைக் காவலராகப் போலீசில் சேர்ந்தார். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். அதிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு சிறப்பு எஸ்.ஐ. ஆகி, மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். லத்தியைவிட பேனாவையும், பேனாவைவிட கீபோர்டையும் அதிகம் பிடித்த கை அது. பாலியல் குற்றவாளிகளைக் கண்காணிப்பது என்றால் ரோந்து வண்டியும் சிசிடிவியும்தான் நம் நினைவுக்கு வரும். அவர் அறிந்த கண்காணிப்பு, நாற்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்து செய்வது.

அந்தப் பதிவேட்டை 2018 செப்டம்பர் 20 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தொடங்கிவைத்தார். பொறுப்பு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு. வன்புணர்ச்சி, கூட்டு வன்புணர்ச்சி, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), பெண்களைச் சீண்டுதல் ஆகிய குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரி, படம், கைரேகை எல்லாம் அதில் இருக்கும் என்றார்கள். தொடங்கிய அன்றே 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. பொதுமக்கள் பார்க்க முடியாது, போலீசுக்கு மட்டும். அமெரிக்காவில் உள்ளதுபோல் தெருவாசி எவரும் தட்டிப் பார்க்கும் பட்டியல் அல்ல இது. ரைட்டரய்யாவுக்கு இந்த விஷயத்தில் டெல்லிமேல் மரியாதை உண்டு. பெயர்ப் பிழை எவ்வளவு சுலபமாக நேரும் என்று தெரிந்தவர் அந்தப் பட்டியலைத் தெருவில் ஒட்டச் சொல்ல மாட்டார்.

பெண்கள் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கதை இன்னும் கொஞ்சம் பழையது. 2012 டிசம்பர் 16 டெல்லி கூட்டு வன்புணர்ச்சிச் சம்பவத்துக்குப் பிறகு, 2013 பிப்ரவரி இறுதியில் வந்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். பக்கத்துச் சிவகங்கைக்காரர் என்பதால் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அதைப் பற்றி நிறையவே பேச்சு. அடுத்த வருடம் இன்னொரு 1,000 கோடி. அதற்கடுத்த வருடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் கொடுத்ததே பெரும்பாலும் செலவாகாமல் கிடந்தது. 2024-25 வரை மொத்த ஒதுக்கீடு 7,700 கோடியைத் தாண்டியது; அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பயன்பட்டதாக மத்திய அரசின் கணக்கு. சென்னை உட்பட எட்டு நகரங்களின் பாதுகாப்பான நகரத் திட்டம், 112 அவசர உதவி எண், சைபர் தடயவியல் ஆய்வகங்கள், ஒன் ஸ்டாப் சென்டர்கள், விரைவு நீதிமன்றங்கள் என்று பணம் பல வாய்க்கால்களில் ஓடியது. காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் வலைப்பின்னல் தனிக் கணக்கு: 2009-இல் 2,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆனது. பதிவேட்டுக்கான தகவல் பயணப்படும் பாதை அதுதான்.

அரசுப் பணம் வந்த வழியும் போன வழியும் பற்றி ஆவுடையார்கோவில்காரர்களிடம் யாரும் பெருமை பேச முடியாது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சர் மாணிக்கவாசகர் ஆவுடையார்கோவிலின் பழைய பெயரான இதே திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. “ஒதுக்கீட்ட வேற ஹெட்டுக்கு மாத்துறது நம்மூர்ல அப்பவே ஆரம்பிச்சாச்சு. யூ.சி. கேட்டதும் நரிய பரியாக்கிக் குடுக்க சாமியே வரவேண்டியதாப் போச்சு” என்பார் ரைட்டரய்யா. பயன்பாட்டுச் சான்றிதழை அலுவலகங்களில் யூ.சி. என்றுதான் சொல்வார்கள். முதல் தவணைக்கு யூ.சி. போகாமல் இரண்டாம் தவணை வராது. மார்ச் மாதத்தில் போன் அடித்தால் பாதி அழைப்பு அதற்காகத்தான் இருக்கும்.

காவல் நிலையங்களில் பெண்கள் உதவி மையம் அமைக்க நிர்பயா நிதியில் நிலையத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்க முதலில் 100 கோடி. அவருக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் அந்த ஒரு லட்சம் மேசையாகவும் நாற்காலிகளாகவும் கணினியாகவும் பிரிண்டராகவும் பெரிய ஃபிளெக்ஸ் போர்டாகவும் மாறியது. படம் எடுத்து அனுப்பினார்கள். மேசை நல்ல மேசை, குறை சொல்ல முடியாது. அதில் உட்காரத் தனி ஆள் ஒதுக்கீட்டில் இல்லை. இருக்கிற பெண் காவலர்களில் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கோ திருவிழா பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, கைதியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று ஏற்கெனவே கைநிறைய வேலை. பொருளுக்குக் கிடைக்கும் பணம் ஆளுக்குக் கிடைப்பதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த மேசையைப் பார்த்துத்தான். அதற்கப்புறம் எந்தத் திட்டம் வந்தாலும், சம்பளம் என்ற தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்.

ஆறாவது படிவம் நிரம்புவது எப்படி என்று பார்க்கலாம்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் டியூட்டிக் காவலர் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு வருவார். தீர்ப்பு நகல் கைக்கு வரச் சில நாளும் ஆகும், சில மாதமும் ஆகும். அதற்குள் அந்தக் காவலருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிடலாம். விசாரணை அதிகாரி மாறி இரண்டு பேர் ஆகியிருக்கலாம். குற்றம் நடந்தது கடற்கரையோர மீமிசல் பக்கம், வழக்கு போட்டது மகளிர் காவல் நிலையம், தீர்ப்பு புதுக்கோட்டையில். நிலைய ரைட்டர், ‘கோர்ட்லேர்ந்து காப்பி வரட்டும்’ என்று ஒரு பைலில் சொருகி வைப்பார். அந்த பைல் தடிக்கும். ரைட்டரய்யா ஆவணக் காப்பகத்துக்கு வந்த பிறகு செய்த முதல் வேலை, ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டு அந்த பைலைப் பிரிக்க வைத்ததுதான். திட்டும் வாங்கினார். “கேஸ்தான் முடிஞ்சு போச்சேண்ணே, இன்னும் என்னத்துக்கு இத நோண்டுறீங்க?” என்று கேட்காத ஏட்டு இல்லை.

பெயர்ப் பொருத்தம் பார்ப்பது அதைவிடப் பெரிய தலைவலி. இந்தப் பக்கத்தில் கருப்பையா இல்லாத தெரு கிடையாது. கருப்பையா மகன் முருகேசன் என்று தேடினால் ஒரு தாலுகாவிலேயே கூட்டமாக வந்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களில் பழனிக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். இனிஷியலை முன்னால் போடுபவர் உண்டு, பின்னால் போடுபவர் உண்டு. வடநாட்டுக் குடும்பப் பெயருக்காகச் செய்த கட்டத்தில் அப்பா பெயரைத் திணித்துவிட்டு, அப்பா பெயருக்கான கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிப்பவரும் உண்டு. கூப்பிடும் பெயர் வேறு, ரேஷன் கார்டில் வேறு, ஆதாரில் வேறு. ஆகவே அவர் அங்க அடையாளத்தை நம்பினார். ‘வலது முழங்கைக்குக் கீழ் ஒரு கறுப்பு மச்சம்’ என்று கைதுப் படிவத்தில் யாரோ ஒரு காவலர் பொறுப்பாக எழுதியிருந்தால், அந்த ஒரு வரி இரண்டு முருகேசன்களைப் பிரித்துக் காட்டிவிடும். கைரேகை இருந்தால் கவலையே இல்லை. 1920-ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதில் 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது; அதே ஆண்டில் நாடு தழுவிய கைரேகை அமைப்பும் தொடங்கியது. அதற்குப் பிறகு பதிவான ஆட்களை அடையாளம் காண்பது எளிதானது. அதற்கு முந்தையவர்களுக்கு மச்சமே துணை.

படிவம் நிரம்பாவிட்டால் குற்றவாளி தப்பிப்பான் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ரைட்டரய்யாவை அதிகம் உறுத்தியது இன்னொரு பக்கம். ஒரு நாள் ஓர் இளைஞன் வந்து நின்றான். வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டும், போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு நிலுவை என்று வருகிறது. கையில் விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். முதல் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்து வைத்திருந்தான். அடிக்கடி எடுத்துக் காட்டிக் காட்டி ஓரம் நைந்துவிட்டதாம். “ஐயா, ஜட்ஜய்யாவே என்னை விட்டுட்டாரு. கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?” என்றான். கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த நிலையத்திலிருந்து ஆறாவது படிவம் ஏறியது.

இந்த மாவட்டத்தை உலுக்கிய வழக்கு 2020-இல் நடந்தது. ஏம்பலில் ஏழு வயதுச் சிறுமி ஜூன் இறுதியில் காணாமல் போய், வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டாள். ஊரடங்குக் காலம், கோர்ட்டுகளே பாதி இயங்கிய காலம். ஆனாலும் ஆறே மாதத்தில், அந்த டிசம்பர் 29 அன்று, புதுக்கோட்டை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர் வெளியூரிலிருந்து வந்த ஆள் அல்ல, குழந்தைக்குத் தெரிந்த உள்ளூர்ப் பூ வியாபாரி. மரண தண்டனையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் வழக்கின் எல்லாச் சக்கரமும் ஒன்றாகச் சுழன்றால் ஆறு மாதம் போதும் என்பதை இந்த மாவட்டம் நேரில் கண்டது. மற்ற வழக்குகளுக்கு ஏன் அந்த வேகம் இல்லை என்று ரைட்டரய்யாவிடம் கேட்டால், தலைப்புச் செய்தி ஆகாததால்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

தெரிந்த ஆள் என்பது இந்த ஒரு வழக்கின் விசேஷமும் அல்ல. குழந்தைகள் மீதான வன்புணர்ச்சி வழக்குகளில் 96 சதவீதத்துக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர். பதிவேடு என்ற யோசனையோ, தெரியாத ஒருவன் ஊருக்குள் நுழைகிறான் என்ற பயத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1989-இல் கடத்தப்பட்ட ஜேக்கப் வெட்டர்லிங் என்ற சிறுவனின் பெயரால் 1994-இல் அங்கே சட்டம் வந்தது. பதிவேடு வைக்காத மாநிலத்துக்கு, போலீசுக்கான மத்திய மானியத்தில் 10 சதவீதம் வெட்டு. 2006-இல் ஆடம் வால்ஷ் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. இணங்க முன்வரும் மாநிலங்களுக்குத் தனி உதவி நிதியும் வைத்தது. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. முழுதாக இணங்க ஆகும் செலவைவிட வெட்டுப்படும் மானியம் குறைவு என்று ஒதுங்கிக்கொண்டன. ஜேக்கப்பின் தாயே, பட்டியல் தேவைக்கு மேல் பெருத்துவிட்டது என்று பிற்காலத்தில் எச்சரித்தார்.

அங்கிருந்து ரைட்டரய்யா எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். அந்த உதவி நிதியில் மென்பொருளுக்கு மட்டும் அல்ல, பதிவானவர் சொன்ன முகவரியில் இருக்கிறாரா என்று கதவைத் தட்டிப் பார்க்கும் ஆளின் சம்பளத்துக்கும் பணம் கேட்கலாம். நம்மிடம் பதிவேடு இருக்கிறது, தட்டிப் பார்க்கும் ஆள் இல்லை. தண்டனை முடிந்து வந்தவர் முகவரி மாறினால் சொல்ல வேண்டும் என்று பதிவேட்டுக்கென ஒரு சட்டமும் இல்லை. இத்தனைக்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவு, முன்பே தண்டனை பெற்றவர் மறுபடி தண்டனை பெறும்போது, விடுதலைக்குப் பின் ஐந்தாண்டு வரை இருப்பிடத்தைத் தெரிவிக்கும்படி உத்தரவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 394-ஆம் பிரிவு. ரைட்டரய்யா கைவழியே போன தீர்ப்புகளில் அப்படியோர் உத்தரவு அவர் கண்ணில் பட்டதில்லை. அரசு வழக்கறிஞர் கேட்டால்தானே கோர்ட் கொடுக்கும் என்பது அவர் வாதம். களவுக்காரனுக்கு ஹிஸ்டரி ஷீட் திறந்து, ராத்திரி ரோந்தில் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் போலீசுக்கு உண்டு. குழந்தையைச் சீரழித்தவனுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

யாரைக் கவனிப்பது என்பதிலும் அவருக்குத் தெளிவு உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் வீட்டுக்குத் தெரியாமல் திருப்பூர் பஸ் ஏறினாலும் போக்சோதான். அப்படிப்பட்ட வழக்குகள் இந்தப் பக்கம் ஏராளம். இளம்பருவக் காதலுக்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் டிஜிபி சைலேந்திர பாபு, காதல் விவகாரங்களில் அவசரக் கைது வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார். அதற்கு முன் தண்டனையானவர்களோ ஆறாவது படிவத்தில் மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வகை பிரிக்காமல் பட்டியலை நீட்டினால், கவனிக்க வேண்டிய பத்துப் பேர் நூறு பேருக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

நிர்பயா பணத்தில் ஆவுடையார்கோவில்காரர்களுக்கு நேராகப் பயன்பட்டது எது என்று கேட்டால் அவர் நீதிமன்றங்களைச் சொல்லுவார். 2019 அக்டோபரில் தொடங்கிய விரைவு சிறப்பு நீதிமன்றத் திட்டம் நாட்டுக்கு 1,023 கோர்ட்டுகள் என்று கணக்கிட்டது. அதில் 389 போக்சோவுக்கு மட்டும். ஒரு கோர்ட்டுக்கு வருடம் 75 லட்சம் ரூபாய், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. வருடத்துக்கு 165 வழக்கு முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. தமிழகத்துக்கு 14. இந்த ஒதுக்கீட்டில் நீதிபதிக்கும் ஊழியருக்கும் சம்பளம் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆள் இருப்பதால்தான் அந்தப் பணம் வேலை செய்கிறது. ஆனால் ஒரு குழந்தையும் தாயும் கிராமத்திலிருந்து அறந்தாங்கி வந்து, அங்கே பஸ் மாறி, புதுக்கோட்டை கோர்ட் வாசலில் காலையிலிருந்து காத்திருந்து, ‘இன்னைக்கு வாய்தா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பும் நாளில் தாயின் கூலி போய்விடுகிறது. அவர்களோடு கூடப்போக உதவி நபர் ஒருவரை நியமிக்கப் போக்சோ விதிகள் வழிசெய்கின்றன. கேட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் ஏற்பாடு செய்யும். அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு வரும் போன்களில் பாதி பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டவை. “அண்ணே, புது வேன் டிரைவர் ஒருத்தர் சேந்திருக்காரு. அந்த லிஸ்ட்ல பேரு இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே.” பார்க்க முடியாது, பார்த்தாலும் சொல்லக் கூடாது. ஆனால் அதற்கு நேர்வழி இருக்கிறது. 2020-ஆம் வருட போக்சோ விதிகளின் மூன்றாவது விதி, பள்ளிகள், காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் எல்லாம் தங்கள் ஊழியர்களைக் காலமுறைப்படி போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் இல்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அந்தச் சரிபார்ப்பு ஆவணக் காப்பகத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே ஆறாவது படிவம் நிரம்பியிருந்தால் பதில் சரியாக இருக்கும்.

அடுத்த தடவை மாநிலத்திலிருந்து நிர்பயா நிதிக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் மாவட்டத்துக்கு ஓர் ஆளின் சம்பளத்தையாவது அதில் சேர்க்க வேண்டும் என்பது ரைட்டரய்யாவின் கோரிக்கை. தீர்ப்பு நகலைக் கோர்ட்டிலிருந்து வாங்கி, ஆறாவது படிவத்தை ஏற்றி, தண்டனை முடிந்து வருபவரின் முகவரியைப் பார்த்துவர ஓர் ஆள். திறப்பு விழா வைக்க முடியாத செலவு என்பதால் எழுதத் தயங்குவார்கள் என்றும் அவரே சொல்கிறார். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை போகும் பள்ளியில், வேன் டிரைவரையும் காவலாளியையும் பி.டி. மாஸ்டரையும் கடைசியாக எந்த வருடம் போலீஸ் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால், எந்த நேரமானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள்.